எந்த ஏரியா என்று கேட்பவர்களுக்கு

நம் ஊரில் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிய வீடுகளில் இப்போது ஒரு புது விவாதம் நடக்கிறது. நியூஜெர்சியிலும் சிக்காகோவிலும் கலிபோர்னியாவிலும் பத்து வருடம் வாடகை கொடுத்து அலுத்துப்போன பிள்ளைகள், நாட்டின் நடுப்பகுதியில் இருக்கும் சின்ன நகரங்களுக்குக் குடிபோகிறார்கள். ஒமாஹா, மேடிசன், கொலம்பஸ், இண்டியானாபொலிஸ், டி மாயின். அங்கே சம்பளம் கொஞ்சம் குறைவு, வீட்டு விலை ரொம்பக் குறைவு. நல்ல முடிவுதான். அதில் எனக்குச் சண்டை இல்லை.

என் சண்டை அதற்கு அடுத்த கட்டத்தில். ஊரைத் தேர்ந்தெடுத்த பிறகு அந்த ஊரில் எந்தப் பகுதியில் வீடு வாங்குவது என்று வருகிறதல்லவா, அங்கேதான் லாஸ்பேட்டையிலும் ரெயின்போ நகரிலும் உட்கார்ந்திருக்கிற நாம் புகுந்து கெடுக்கிறோம். போன் எடுத்தால் நாலே கேள்வி. ஏரியா எப்படி? பள்ளிக்கூடம் பத்துக்கு எத்தனை? நம்மவங்க இருக்காங்களா? எத்தனை பெட்ரூம்? இந்த நாலும் தவறான கேள்விகள் என்பது என் கட்சி. இவற்றுக்குப் பதில் தேடிப் போகிற பிள்ளை தனக்கும் தன் குழந்தைக்கும் நமக்கும் பொருந்தாத வீட்டில் போய் நிற்கும், முப்பது வருடக் கடனோடு.

நான் பேசுவது அயோவா மாநிலத் தலைநகரான டி மாயினைப் பற்றி. மகளும் மாப்பிள்ளையும் அங்கே மாறியிருக்கிறார்கள். நானும் என் மனைவியும் ஐந்து மாதம் அங்கே இருந்துவிட்டு வந்தோம். வாடகை ஒப்பந்தம் முடிய இன்னும் சில மாதம்தான் இருக்கிறது. அதற்குள் அவர்கள் வீடு வாங்க வேண்டும். இரண்டு பகுதிகளுக்கு நடுவே முடிவு நிற்கிறது. அதனால் இது எனக்கு வெறும் வாய்ப்பேச்சு இல்லை.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு வழியில் படித்தவர்கள் அந்த ஊர்ப் பெயரை எழுத்தில் பார்த்ததும் ‘தே முவான்’ என்றுதான் வாசிப்போம். துறவிகளுடையது என்று பொருள். அங்கே அப்படிச் சொன்னால் ஒருவருக்கும் புரியாது. டி மாயின் என்று சொல்ல வேண்டும். மொயிங்கோனா என்ற பழங்குடியினரின் பெயரை பிரெஞ்சுக்காரர்கள் சுருக்கியதால் வந்தது என்றும் சொல்கிறார்கள். அந்த வட்டாரம் முழுக்க நம் பழைய எசமானர்களின் கால்தடம்தான். பக்கத்து விஸ்கான்சினில் ஓ கிளேர் என்றால் தெளிந்த நீர், பிரெரி து ஷியேன் என்றால் நாயின் புல்வெளி. 1673-இல் மார்க்கெத்தும் ஜொலியேவும் படகில் மிசிசிப்பியில் இறங்கிப் போனார்கள். 1803-இல் நெப்போலியன் மிசிசிப்பிக்கு மேற்கே பிரான்சிடம் இருந்த நிலத்தை மொத்தமாக அமெரிக்காவுக்கு விற்றுவிட்டார். அயோவாவும் அந்த விற்பனையில் போனதுதான்.

இன்று டி மாயின் ஒரு காப்பீட்டு நகரம். நகர எல்லைக்குள் மக்கள் தொகை 2020 கணக்குப்படி 2 லட்சத்து 14 ஆயிரம். சுற்றியுள்ள புறநகரையும் சேர்த்தால் சுமார் 7 லட்சம். ஜனவரி மாத இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 9, 10 செல்சியஸ் சர்வசாதாரணம். நகர மையத்தில் அலுவலகக் கட்டடங்களை ஒன்றோடொன்று இணைத்து முதல் மாடி உயரத்தில் கண்ணாடிச் சுவர் போட்ட நடைபாலங்கள் கட்டியிருக்கிறார்கள். மொத்தம் ஏறக்குறைய 4 மைல் நீளம். வெளியே பனி கொட்டினாலும் மேல்சட்டை இல்லாமல் ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம்.

இனி அந்த இரண்டு பகுதிகள். ஒன்று வாக்கி. மேற்குக் கோடியில் சோள வயல்களைத் தின்று வளர்ந்த புறநகர். 2000-இல் அங்கே 5 ஆயிரத்துச் சொச்சம் பேர். 2020-இல் கிட்டத்தட்ட 24 ஆயிரம். எல்லாம் புது வீடு, பெரிய வீடு. இன்னொன்று பீவர்டேல். நகருக்குள்ளேயே வடமேற்கில், நூறு வருடத்துக்கு முன்னும் அதை ஒட்டியும் கட்டிய செங்கல் வீடுகள், கூரான கூரை, வாசலில் பெரிய மரம். வீடுகள் சிறியவை. பீவர் அவென்யூவில் ஒரு புத்தகக் கடை, ஒரு ஐஸ்கிரீம் கடை, சாப்பாட்டுக் கடைகள். கொஞ்ச தூரத்தில் நூலகம்.

என் சம்பந்தி வாக்கி கட்சி. நான் பீவர்டேல் கட்சி. அவர் நல்ல மனிதர், விவரமானவர். அவர் எனக்குச் சொன்னதை அப்படியே தருகிறேன்:

“சம்பந்தி, பள்ளிக்கூடம் அங்கதான் நல்லாயிருக்கு. நம்ம ஜனங்க அங்கதான் இருக்காங்க. நாலு பெட்ரூம் இருந்தா நீங்களும் வரலாம், நாங்களும் வரலாம். ஆபீசு இருபது நிமிஷம். அமெரிக்காவுல இருபது நிமிஷம் ஒரு தூரமா?”

ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன். கடைசியில் சொன்ன தூரத்திலிருந்து தொடங்குகிறேன். பயணப்படி பில் முப்பத்தைந்து வருடம் சரிபார்த்தவன் என்பதால் அதுதான் எனக்குக் கைவந்த கணக்கு.

இருபது நிமிடம் என்பது ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போகும்போது ஆகிற நேரம். திங்கட்கிழமை காலையில் கராஜிலிருந்து வண்டியை எடுத்து, இன்டர்ஸ்டேட் 235-இல் மற்றவர்களோடு ஊர்ந்து, வண்டியை நிறுத்தி, மேசைக்குப் போய்ச் சேர அரை மணி. பீவர்டேலிலிருந்து 12 நிமிடம். நானே மாப்பிள்ளையோடு உட்கார்ந்து கைக்கடிகாரத்தில் பார்த்தது. போக 18, வர 18, ஒரு நாளைக்கு 36 நிமிடம் வித்தியாசம். வருடத்துக்கு 220 வேலை நாள் என்று வைத்தால் 132 மணி. எட்டு மணி நேர வேலை நாளாகக் கணக்கிட்டால் பதினாறரை நாள். நம் தற்செயல் விடுப்பு கடைசியில் வருடத்துக்கு 8 நாள்தான் இருந்தது. அதில் ஒரு அரைநாளை யாராவது வெட்டினால் நாம் என்ன ஆட்டம் ஆடுவோம் என்று உங்களுக்குத் தெரியும். இங்கே அதைப்போல் இரண்டு பங்கைச் சும்மா சாலையில் கொட்டுகிறோம். இது ஒருவருக்கு. கணவன் மனைவி இரண்டு பேரும் நகர மையத்துக்குப் போகிறவர்கள் என்றால் இதன் இரட்டிப்பு.

பணத்தையும் பார்த்துவிடலாம். வாக்கியிலிருந்து நகர மையம் சுமார் 17 மைல், பீவர்டேலிலிருந்து சுமார் 5. போக வர 24 மைல் வித்தியாசம். வருடத்துக்கு 5,280 மைல். சொந்தக் காரை அலுவலக வேலைக்கு ஓட்டினால் மைலுக்கு எவ்வளவு செலவு எழுதலாம் என்று அமெரிக்க வருமான வரித்துறை வருடா வருடம் ஒரு விகிதம் அறிவிக்கிறது. 2024-க்கு அது 67 சென்ட். பெட்ரோல், தேய்மானம், காப்பீடு எல்லாம் அதில் அடக்கம். பெருக்கிப் பாருங்கள்: 3,500 டாலருக்கு மேல். ஒரு காருக்கு, ஒரு வருடத்துக்கு. புறநகர் வீட்டில் பெரியவர்கள் ஆளுக்கு ஒரு கார் இல்லாமல் முடியாது. புதுக் கார் ஒன்றை வைத்திருக்க வருடத்துக்கு ஏறக்குறைய 12,300 டாலர் ஆகிறது என்று அமெரிக்க வாகன ஓட்டுநர் சங்கம் 2024-இல் கணக்குச் சொன்னது. ஊருக்குள் இருந்தால் ஒரு காரோடு சமாளிக்க ஒரு வாய்ப்பாவது உண்டு. டார்ட் என்ற பேருந்துகள் ஓடுகின்றன. நம் ஊர் டவுன் பஸ் போல நினைத்துக்கொள்ளாதீர்கள், நேரம் பார்த்துத்தான் வரும். ஆனாலும் வருகிறது.

“வீடு பெரிசு, அதுக்கு இந்தக் கஷ்டம் ஈடு” என்று சொல்வார்கள். ஈடாகிறதா என்று பொருளாதார அறிஞர்கள் இருவர் பார்த்திருக்கிறார்கள். சூரிச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புருனோ ஃப்ரையும், பாசெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலோயிஸ் ஸ்டட்ஸரும் 2008-இல் எழுதிய ஒரு கட்டுரை. ஜெர்மனியில் ஆயிரக்கணக்கான குடும்பங்களிடம் வருடக்கணக்கில் திரட்டிய தகவலை வைத்து எழுதியது. நீண்ட தூரம் வேலைக்குப் போகிறவர்களுக்கு அதற்கு ஈடாக நல்ல வீடோ நல்ல சம்பளமோ கிடைத்து மனநிறைவு சமமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை, குறைந்தே இருந்தது என்பது அவர்கள் முடிவு. மனிதன் வீட்டின் அளவுக்குச் சீக்கிரம் பழகிவிடுகிறான். தினசரி நெரிசலுக்குப் பழகுவதில்லை. இதைச் சொல்ல சூரிச் வரை போக வேண்டியதில்லைதான். இந்திரா காந்தி சிலை சிக்னலில் காலை ஒன்பது மணிக்கு நின்றவர்களுக்கே தெரியும்.

அடுத்து பள்ளிக்கூடம். வீடு விற்கும் இணையதளங்களில் ஒவ்வொரு வீட்டுக்குப் பக்கத்திலும் பள்ளியின் மதிப்பெண் போட்டிருக்கும், பத்துக்கு ஒன்பது, பத்துக்கு நாலு என்று. இந்த எண் வருவது பெரும்பாலும் தேர்வு மதிப்பெண்களிலிருந்து. தேர்வு மதிப்பெண் எங்கிருந்து வருகிறது? 1966-இல் ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் அமெரிக்க அரசாங்கத்துக்குக் கொடுத்த பெரிய அறிக்கை அன்றே சொன்னது: மாணவனின் தேர்ச்சியைத் தீர்மானிப்பதில் பள்ளியின் வசதியைவிடக் குடும்பப் பின்னணிக்குத்தான் பங்கு அதிகம். அதாவது அந்தப் பத்துக்கு ஒன்பது என்பது பெரிய அளவுக்குப் பெற்றோரின் சம்பளச் சீட்டு. அப்பா அம்மா இரண்டு பேரும் பொறியாளர்கள், வீட்டில் அலமாரி நிறையப் புத்தகம் என்கிற குழந்தை எந்தப் பள்ளியில் உட்கார்ந்தாலும் அந்த மதிப்பெண்ணைத் தானே கொண்டுவந்துவிடும். பள்ளியே பொருட்டில்லை என்று சொல்லவில்லை. நேரில் போய்ப் பாருங்கள், ஆசிரியரோடு பேசுங்கள், வகுப்பில் எத்தனை பேர் என்று கேளுங்கள். எண்ணைப் பார்த்து முப்பது வருடக் கடன் வாங்காதீர்கள். அதுவும் அயோவாவில், பக்கத்துப் பள்ளி மாவட்டத்தில் சேர விண்ணப்பிக்கும் வசதியைச் சட்டமே கொடுத்திருக்கிறது. கொண்டுபோய் விடுவது மட்டும் பெற்றோர் பொறுப்பு.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயத்துக்கு வருகிறேன். ‘ஏரியா எப்படி’ என்ற கேள்வி.

1930-களில் அமெரிக்க அரசாங்கத்தின் வீட்டுக்கடன் அமைப்பு ஒன்று நகரம் நகரமாக வரைபடம் போட்டது. டி மாயினுக்கும் போட்டது. பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நாலு நிறம். கறுப்பர்கள் வாழ்ந்த தெருக்களுக்குச் சிவப்பு. சிவப்பில் கடன் கிடைப்பது குதிரைக்கொம்பு. கடன் இல்லாததால் பழுது பார்க்க முடியவில்லை, பழுது பார்க்காததால் விலை விழுந்தது, விலை விழுந்ததால் ‘பார், அந்த ஏரியா சரியில்லை’ என்றார்கள். பிறகு நகரச் சீரமைப்பு என்றும் நெடுஞ்சாலை என்றும் வந்தபோது எந்தத் தெரு இடிபடும்? டி மாயினில் சென்ட்டர் ஸ்ட்ரீட் என்று கறுப்பர்களின் கடைவீதி ஒன்று இருந்தது. கடை, உணவகம், இசைக்கூடம் என்று ஒரு சமூகமே அங்கே புழங்கியது. 1960-களில் அது போயிற்று. மேலே சொன்ன இன்டர்ஸ்டேட் 235 அந்த வழியாகத்தான் போகிறது. வாக்கியிலிருந்து சொகுசாக இருபது நிமிடத்தில் வரலாம் என்கிறோமே, அந்த இருபது நிமிடம் யாருடைய வீட்டு மேல் போட்ட சாலை என்று ஒரு தடவையாவது யோசிக்க வேண்டாமா?

1968-இல் சட்டம் வந்தது. இன்ன இனத்தவருக்கு வீடு இல்லை என்று சொல்ல முடியாது. வீட்டுத் தரகர் ‘அங்கே எப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்’ என்று வாங்குபவரைத் திசைதிருப்பவும் கூடாது. அதனால் யாரும் அந்தக் கேள்வியை நேராகக் கேட்பதில்லை. பள்ளிக்கூடம் எப்படி, ஏரியா எப்படி என்று சுற்றிக் கேட்கிறார்கள். நம் ஆட்களுக்கு இந்த மொழி சொல்லித்தரவே வேண்டாம். ‘வீடு வாடகைக்கு, சைவம் மட்டும்’ என்று பலகை மாட்டுகிற ஊரிலிருந்துதானே போகிறோம்? அந்தப் பலகைக்கு என்ன அர்த்தம் என்று மாட்டுபவருக்கும் தெரியும், படித்துவிட்டுத் திரும்பிப் போகிறவருக்கும் தெரியும்.

புதுச்சேரிக்காரனுக்கு இது இன்னும் நன்றாகப் புரிய வேண்டும். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம் என்று கோடு போட்ட ஊரில் பிறந்தவர்கள் நாம். நம் தாத்தாக்கள் எந்தப் பக்கத்தில் வாழ்ந்தார்கள்? கோட்டின் தப்பான பக்கத்தில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள், கடல் தாண்டிப் போய் யாரோ போட்ட கோட்டின் சரியான பக்கம் எது என்று விசாரிக்கிறார்கள். நாமும் இங்கிருந்து எடுத்துக் கொடுக்கிறோம். எனக்கு இது வெட்கமாக இருக்கிறது.

‘நம்மவங்க’ விஷயம். ஆசை நியாயமானதுதான். ஆனால் கோயில் இருப்பது மேட்ரிட் என்ற சிற்றூரில். வாக்கியிலிருந்தாலும் பீவர்டேலிலிருந்தாலும் காரில்தான் போக வேண்டும். தமிழர் கூடுவது சனி, ஞாயிறு. அதுவும் காரில்தான். வாரத்தில் மற்ற ஐந்து நாளும் பக்கத்து வீட்டுத் தமிழரும் இருட்டோடு கிளம்பி இருட்டில் திரும்பி, கராஜ் கதவைப் பொத்தான் அழுத்தித் திறந்து உள்ளே போய்விடுகிறார். அவர் முகத்தைப் பார்க்க வாய்ப்பே இல்லை.

கடைசியாக நாலு பெட்ரூம். இதில்தான் நம்மையே காரணமாகக் காட்டுகிறார்கள். ‘நீங்க வந்தா தங்கணுமே.’ வாக்கியில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் ஐந்து மாதம் நான் தங்கினேன். எங்கள் அறை நம் வீட்டுக் கூடத்தைவிடப் பெரிது. வாசலில் அருமையான நடைபாதை, நேராகக் கோடு போட்ட மாதிரி. நடக்கலாம், ஆனால் நடந்து போய்ச் சேர ஓர் இடம் இல்லை. ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி புல்தரை, எதிரே ஒரு ஆள் இல்லை. பால் பாக்கெட் வாங்கக்கூட மாலை ஆறு மணிக்கு மகள் வர வேண்டும். என் மனைவி மூன்றாவது வாரம் சொன்னாள்: “எல்லாம் இருக்குங்க. காலாலதான் பிரயோசனம் இல்ல.” நாற்பது வருடம் பெரிய மார்க்கெட்டுக்குத் தானே நடந்துபோய் மீன் பார்த்து வாங்கினவள் அவள்.

சனிக்கிழமைகளில் பீவர்டேலுக்கு அழைத்துப்போகச் சொல்லுவோம். புத்தகக் கடை வாசலில் ஒரு கிழவர் நாயோடு நின்று எங்களிடம் வானிலை பேசினார். மூன்றாவது முறை போனபோது எங்களை அடையாளம் கண்டுகொண்டு கையசைத்தார். அந்தக் கையசைப்புக்கு எத்தனை பெட்ரூம் ஈடு?

நம்மிடமே கேட்டுப் பாருங்கள். கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகளை நிறுத்துகிறார்களே, அந்த நடை இல்லாமல் நம்மில் எத்தனை பேர் இந்த வயதில் உயிரோடு, அதைவிட முக்கியமாக, புத்தியோடு இருப்போம்? வெளியூர்க்காரர்கள் வெள்ளிக்கிழமை இரவே கார் எடுத்துக்கொண்டு இங்கே எதற்கு வருகிறார்கள்? நடக்கத்தான். நமக்கு உயிர்மூச்சாக இருப்பதைப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று நாமே ஏன் தீர்ப்பெழுதுகிறோம்?

சம்பந்தி பக்கத்திலும் நியாயம் உண்டு. அதையும் பதிவு செய்கிறேன். பழைய வீட்டில் செலவு வரும். 1978-க்கு முந்தைய வீடு என்றால் சுவர்ப் பூச்சில் ஈயம் இருக்கலாம். கைக்குழந்தை உள்ள வீட்டில் அது விளையாட்டில்லை, சோதிக்க வேண்டும். மின் இணைப்பு, கூரை, கழிவுக்குழாய் எல்லாம் விவரமான ஆளை வைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் புது வீடு என்றால் கண்ணை மூடி வாங்கலாம் என்பதும் சரியல்ல. நிலத்திலிருந்து கசிந்து நிலவறையில் தேங்கும் ரேடான் என்ற வாயு நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாவது. அயோவாவின் 99 மாவட்டங்களையும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை அபாயம் மிகுந்த முதல் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. புது வீடு பழைய வீடு என்று அது பார்ப்பதில்லை. வெள்ளமும் அப்படித்தான். 1993 ஜூலையில் ஆறு பெருகி நகரின் குடிநீர் நிலையமே மூழ்கியது. இரண்டரை லட்சம் பேருக்கு நாட்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. எந்த வீடானாலும் ரேடான் அளவு எவ்வளவு, வெள்ள வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். நம்மில் ஒருவர்கூட போனில் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. பெட்ரூம் எண்ணிக்கை மட்டும் பத்து தடவை கேட்கிறோம்.

ஆகவே அடுத்த முறை பிள்ளையிடமிருந்து போன் வந்தால், கேட்பதானால் இதைக் கேளுங்கள். ஜனவரி மாதத்துத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அந்த வீட்டிலிருந்து ஆபீசுக்கு எவ்வளவு நேரம், ஓட்டிப் பார்த்தாயா? வண்டி ஒருநாள் கிளம்பவில்லை என்றால் எப்படிப் போவாய்? குழந்தைக்குப் பத்து வயதானதும் அது தானே நடந்து போகக்கூடிய இடம் ஒன்றாவது இருக்கிறதா? நடைபாதைப் பனியை யார் வாருவது? உனக்கு அறுபது வயதாகிக் கண் மங்கி, கார் ஓட்ட முடியாமல் போனால் அந்த வீட்டில் இருப்பாயா? கடைசிக் கேள்விதான் முக்கியம். முப்பது வருடக் கடன் முடிகிறபோது அவர்களும் நம் வயதை நெருங்கியிருப்பார்கள்.

மகளுக்கு இந்தக் கணக்கையெல்லாம் ஒரு தாளில் எழுதி அனுப்பியிருக்கிறேன், பழைய பழக்கப்படி வரிசை எண் போட்டு, கீழே குறிப்போடு. சம்பந்திக்கும் ஒரு நகல் போயிருக்கிறது. அவர் இரண்டு நாளாகப் பேசவில்லை. முடிவு பிள்ளைகளுடையது, கடனும் அவர்களுடையதுதான். ஆனால் அவர்கள் வாக்கியிலேயே வாங்கினால், என் வருத்தத்துக்குக் காரணம் அவர்களாக இருக்க மாட்டார்கள். எண்ணையும் கோட்டையும் பெட்ரூமையும் இங்கிருந்தே ஓதிக்கொடுத்த நம் தலைமுறைதான் காரணம்.